சுமைதாங்கியின் உயரம்

அன்புள்ள நண்பா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. பக்கவாதத்தில் படுத்துவிட்ட உங்கள் சேகரத்து (சபை வட்டாரத்து) அண்ணாச்சியைப் பற்றியும், ஒற்றை ஆளாய் அவரைப் பார்த்துக்கொள்ளும் அக்காவைப் பற்றியும் எழுதியிருந்தாய். சபையார் வாராவாரம் போய் ஜெபம் பண்ணுகிறார்கள், பழம் வாங்கிக் கொடுக்கிறார்கள், ஆனாலும் அக்கா நாளுக்கு நாள் தேய்ந்துபோகிறார் என்கிறாய். தேயாமல் என்ன செய்வார்? ஆப்பிள் வாங்கி வர ஆளிருக்கிறது, அவரைத் தூங்கவைக்க ஆளில்லை.

கலாத்தியர் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். 2-ஆம் வசனம் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது. 5-ஆம் வசனம் அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறது. நம் தமிழ் வேதாகமத்தில் இரண்டுமே ‘பாரம்’ என்றிருப்பதால் முன்னுக்குப்பின் முரணாகத் தெரியும். கிரேக்கத்தில் சொல் வேறு. முதலாவது ‘பாரோஸ்’, ஆளை அமுக்கும் எடை. இரண்டாவது ‘ஃபோர்டியோன்’, அவரவருக்கென்று உள்ள சுமை. மத்தேயு 11:30-இல் ‘என் சுமை இலகுவாயும்’ என்று ஆண்டவர் சொல்வதும் இந்த இரண்டாவது சொல்தான். எந்த மருத்துவரிடம் போவது, கைப்பணத்தை எதற்குச் செலவழிப்பது என்பதெல்லாம் அக்காவின் ஃபோர்டியோன். இரவு முழுக்க விழித்திருப்பது பாரோஸ். சபை பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறது: அவர் எடுக்க வேண்டிய முடிவுகளில் ஆலோசனை சொல்லும், இரவை அவரிடமே விட்டுவிட்டு வந்துவிடும்.

பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பாய். நட்ட கல் இரண்டு, மேலே குறுக்காக ஒன்று. அதில் முக்கியமே உயரம்தான். தலைச்சுமைக்காரர் குனியாமல், யாரையும் கைபிடிக்கச் சொல்லாமல், அப்படியே சுமையை அதன்மேல் நகர்த்திவிடலாம். முழங்கால் உயரத்தில் நட்டிருந்தால் அது வெறும் கல். “ஏதாவது வேணும்னா கூச்சப்படாம கேளுங்கக்கா” என்பது முழங்கால் உயரக் கல். என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்று யோசித்து, வெட்கத்தையும் விட்டுக் கேட்பது அவருக்கு இன்னொரு வேலை. “செவ்வாய்க்கிழமை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் நாங்க ரெண்டு பேர் இங்க இருப்போம், நீங்க உள்ளே போய்ப் படுங்க” என்பதுதான் தோள் உயரம்.

ஆனால் அந்த மூன்று மணி நேரம் இருப்பவர்களுக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அக்கா கண்ணை மூடமாட்டார்.

படுத்தபடுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும்: இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம். பக்கவாட்டில் முழுக்கச் சாய்த்தால் இடுப்பெலும்பின் மேல் எடை விழும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து முப்பது டிகிரி சாய்த்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. மல்லாக்க இருக்கும்போது கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று, குதிகால் மெத்தையில் படாதபடி. மேலே நகர்த்தும்போது அக்குளில் கைகொடுத்து இழுக்காதீர்கள். அந்த உராய்வில்தான் தோல் பிய்கிறது. பெட்ஷீட்டை மடித்துத் தோளிலிருந்து தொடைவரை அடியில் விரித்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். அமலேக்கியரோடு யுத்தம் நடந்த அன்று ஆரோனும் ஊர் என்பவனும் மோசேயின் கைகளை ஆளுக்கொரு பக்கமாகத்தானே தாங்கினார்கள்! முறைக்கு இரண்டு பேர் என்பது அதனால்தான்.

உடம்பு துடைக்கும்போது வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்தியும் வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. நம் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேய்த்துவிடக் கூடாது. அந்த இடத்தில் எடை விழாமல் வைத்து நர்ஸிடம் காட்டுங்கள். ஏர் பெட் வாங்கிப் போட்டாலும் புரட்டுவது நிற்கக் கூடாது.

பாசத்தில் செய்யும் பிழை ஒன்று உண்டு: வாதத்தில் விழுந்த கையைப் பிடித்து எழுப்புவது. அந்தத் தோளைத் தசை இறுக்கிப் பிடித்திருக்காது, மூட்டு இறங்கிவிடும். சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்த்தி உட்காரவைத்து, நல்ல பக்கத்து வாயில், சின்னக் கரண்டியால். முடிந்தபின் அரை மணி நேரம் சாய்க்கக் கூடாது. இருமினாலோ, குரல் தண்ணீர் கட்டியதுபோல் கரகரத்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். போதகர் ஐயர் வீட்டுக்கு வந்து நற்கருணை அப்பமும் ரசமும் கொடுக்கும்போதும் இதே ஜாக்கிரதை வேண்டும், முன்கூட்டியே அவரிடம் சொல்லிவை.

சாப்பாடு அனுப்புவதில் ஒன்றே ஒன்று: கழுவித் திருப்பித் தர வேண்டாத பாத்திரத்தில் அனுப்பச் சொல். ஞாயிறு மூன்று வீட்டு பிரியாணி, புதன்கிழமை ஒன்றுமில்லை என்கிற கதையும் வேண்டாம்.

உங்களில் அலுவலகம் ஏறி இறங்கிப் பழகிய ஒருவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பு. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும், பிசியோதெரபியும் உண்டு. பெயரைப் பதிய ஒரு நடை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இரண்டு மூன்று நடை. நோயாளியை விட்டுவிட்டு அக்கா எப்படி வரிசையில் நிற்பார்?

பேச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாய் திறந்து, துன்பத்துக்குக் காரணம் அவன் பாவம்தான் என்றபோதுதான் பிழை. “தேவசித்தம்”, “மறைவான பாவம் ஏதும் உண்டா” என்கிறவர்களை, முறைபோட்டு வந்து உதவுகிறவர்களின் பட்டியலில் சேர்க்காதே, கமிட்டி மெம்பராகவே இருந்தாலும். அண்ணாச்சியின் நிலைமையை ஆலயத்தில் ஜெபக்குறிப்பாக வாசிக்குமுன் அக்காவிடம் கேட்டுக்கொள்.

வாரத்துக்கு மூன்று முறை என்றால் உனக்கு ஆறு பேர் வேண்டும், லீவு போடுகிறவர்களுக்காக இன்னும் இரண்டு. முதல் இரண்டு வாரம் ஆள் குவியும். அவர்களில் பாதிப் பேரை அப்போதே பிடித்து மூன்றாம் மாதத்துக்குப் பெயர் எழுதி வாங்கிவிடு. அண்ணாச்சியைக் குளிப்பாட்ட ஆண்கள்தான் வேண்டும். பெண்கள் ஐக்கியத்தின் தலையில் மட்டும் கட்டிவிடாதே. பட்டியல் எழுதியதும் எனக்கு ஒரு நகல் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்