கரைக்கிற அன்றைக்குக் கெடுபிடி செய்து என்ன பயன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விநாயகர் சதுர்த்தி நெருங்கினாலே எங்கள் வடசென்னையில் தெருவுக்குத் தெரு பந்தல் போட்டுவிடுவார்கள், ஏரியா பசங்க நோட்டோடு வசூலுக்கு வருவார்கள். அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, நானும் சந்தோஷமாகக் கொடுக்கிறவள்தான். என் ஆதங்கம் எல்லாம் சிலையைப் பற்றித்தான்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று எங்கள் பக்கத்துக் கடலில்தான் இத்தனை சிலைகளும் வந்து சேர்கின்றன. களிமண் பிள்ளையார் தண்ணீரில் ஊறிக் கரைந்துவிடுவார். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அப்படியில்லை, ஜிப்சத்தைச் சூடாக்கி எடுத்த மாவு அது, ஒருமுறை குழைத்து இறுகிவிட்டால் அப்புறம் லேசில் கரையாது. மறுநாள் கரைக்குப் போய்ப் பாருங்கள், கை ஒரு பக்கம், தும்பிக்கை ஒரு பக்கம், உள்ளே வைத்த கட்டையும் கம்பியும் ஒரு பக்கம். கற்பூரம் காட்டிக் கும்பிட்ட சாமியை அந்தக் கோலத்தில் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. அந்தக் கம்பியில் வலை மாட்டிக் கிழிந்தால் நஷ்டம் யாருக்கு? 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்து நொந்துபோன அதே மீனவ ஜனங்களுக்குத்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020லேயே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகள் கூடாது என்று சொல்லிவிட்டது. 2023இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விற்பனைக்குத் தடை போட்டு, உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. ஆனால் அறிவிப்பும் சோதனையும் பண்டிகை கிட்டே வந்த பிறகு நடந்தால் என்ன பயன்? சிலை வேலை பல மாதம் முன்னாடியே ஆரம்பித்துவிடுகிறது, கடன் வாங்கிச் செய்து வைத்ததைக் கடைசி நேரத்தில் பூட்டி சீல் வைத்தால் அந்தக் குடும்பமும் தெருவுக்கு வரும். சித்திரை, வைகாசியிலேயே பட்டறைக்குப் போய்ப் பாருங்கள், பிளாஸ்டர் மாவு மூட்டை இறங்கும்போதே தடுத்துவிடலாம்.

இங்கே கொசப்பேட்டையில் மண்ணைப் பிசைந்து, அச்சில் அழுத்தி, குன்றிமணிக் கண் வைத்துப் பிள்ளையார் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆவணி மாதம் சென்னையில் சாயங்கால மழை சகஜம், பச்சை மண் சிலை காயாது, வைக்க இடமும் கிடையாது. பிளாஸ்டர் சிலை சீக்கிரம் காய்ந்துவிடும், தூக்கவும் லேசு, அதனால்தான் ஜனங்கள் அந்தப் பக்கம் போகிறார்கள். மாநகராட்சி இவர்களுக்கு ஒரு கூரை போட்ட இடத்தை நாலு மாதம் கொடுக்கட்டும், ஏரி மண் அலையாமல் கிடைக்க வழி செய்யட்டும். பெரிய சிலைதான் வேண்டும் என்கிற விழாக் குழுவினர் காகிதக்கூழ், கிழங்கு மாவில் செய்ததை வாங்கலாமே.

காவல் நிலையத்தில் சிலை வைக்க அனுமதி கேட்கும் மனுவில் உயரத்தை விசாரிக்கிறார்கள். சிலை எதில் செய்தது, எந்தப் பட்டறையில் வாங்கியது என்பதையும் அதிலேயே எழுதி வாங்கச் சொல்லி, வருகிற சதுர்த்திக்கு முன்னாடியே உத்தரவு போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை