அண்ணாவுக்கு, 23-ஆம் எண் வண்டியைப் பற்றி

அண்ணா,

பட்டறைச் சாவியை நேற்று கொடுத்துவிட்டேன். யாரிடம், எவ்வளவுக்கு என்பதெல்லாம் இங்கே வேண்டாம், சொந்தக்காரர்களும் படிப்பார்கள். லேத்துக்குப் பின்னால் சுவரில் நீ ஒட்டிய படத்தை உரிக்கத்தான் அரைமணி நேரம் ஆனது. ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய எச்ஆர்டி என்ற சின்ன அணியின் எஃப்112 கார், நரேன் கார்த்திகேயனின் 23-ஆம் எண் வண்டி.

2012 நவம்பர் 25, ஞாயிறு ராத்திரி. பிரேசிலில் இன்டர்லாகோஸ் பந்தயம், நமக்கு ஒன்பதரைக்குத் தொடங்கியது. கோயமுத்தூரே கரண்ட் இல்லாமல் கிடந்த வருஷம் அது. அந்த வருஷப் பட்டம் வெட்டலுக்கா அலோன்சோவுக்கா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நீ பெயர்ப் பட்டியலின் அடிவரியையே பார்த்துக்கொண்டிருந்தாய். அணியை விற்கப் பார்க்கிறார்கள் என்று செய்தி வந்திருந்தது. "இதுதான்டா அதோட கடைசி ஓட்டம்" என்றாய். 71 சுற்றில் அறுபது தாண்டியிருக்கும், இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. நான் எழுந்து டிவியை அணைத்தேன். "மூணு வருஷமா ஒரு பாயிண்ட் வாங்காத அணி. எங்க முடிஞ்சா என்ன?" என்றேன்.

நீ மறுபடி போடவில்லை. இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தாய்.

தப்புதான் அண்ணா. ஆனால் உள்ளே அப்பாவுக்கு ஃபேன் ஓட வேண்டியிருந்தது. அதை நானேதான் யோசிக்க வேண்டுமா? அதற்கு ஒரு மாசம் முன்னால்தான் இந்தியப் பந்தயத்துக்குக் கிரேட்டர் நொய்டா போய் அதே வண்டியைப் பார்த்துவிட்டு வந்தாய். அந்தப் பணம் எதற்காக எடுத்து வைத்தது என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும். அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். திரும்பி வந்து, அதே அணியின் இன்னொரு ஓட்டுநர் டி லா ரோசாவின் வண்டி பிரேக் போய் நடுவில் நின்றதை அப்பாவுக்கு நடித்துக் காட்டினாய். அந்த வருஷம் அப்பா வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். என்னால் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை.

நீ போன பிறகு பட்டறையை நான் நடத்தியபோதுதான் அந்த வண்டி புரிந்தது. பிரேக் போடும்போது வீணாகும் சக்தியைச் சேமித்து வேகத்துக்குத் திருப்பித் தரும் கெர்ஸ் பெரிய அணிகளிடம் இருந்தது, அதில் கிடையாது. ஆஸ்திரேலியாவில் தகுதிச் சுற்றின் முதல் கட்டத்தில் வேகமான வண்டியின் நேரத்தில் 107 சதவீதத்துக்குள் வராமல் இரண்டு வண்டிகளும் பந்தயத்துக்கே போக முடியவில்லை. அடுத்த ஞாயிறே மலேசியாவில் இரண்டும் ஓடி முடித்தன. அந்த ஒரு வாரத்தில் அவர்கள் எத்தனை ராத்திரி தூங்கியிருப்பார்கள்? புது பேரிங் வாங்கக் காசில்லாமல், பழையதையே கழற்றிக் கழுவி மாட்டி, காலையில் ஆர்டரை அனுப்பிய ராத்திரிகள் எனக்கும் உண்டு. அப்போதெல்லாம் நான் சொன்ன அந்த வார்த்தைதான் ஞாபகம் வரும்.

நேற்று அந்தக் கடைசிச் சுற்றுகளைத் தேடிப் பார்த்தேன். வேறோர் அணியின் டி ரெஸ்டா மோதியதில் பாதுகாப்பு கார் வந்து, எல்லோரும் அதன் பின்னால் மெதுவாகவே முடித்தார்கள். டி லா ரோசா 17, நரேன் 18. நான் பார்த்த வீடியோவில் நம் வண்டி கோட்டைத் தாண்டுவது வரவே இல்லை. டிவி ஓடியிருந்தாலும் நீ பார்த்திருக்க முடியாதோ என்னவோ. இதைச் சாக்காகச் சொல்லவில்லை.

படம் என்னிடம்தான் இருக்கிறது. வலது மூலை மட்டும் கிழிந்துவிட்டது. வந்து வாங்கிக்கொள்.