நாரைக்கு வெள்ளையடிக்க மாட்டேன்

பங்காளி,

போனை எடுக்காததற்குத் திட்டித் தீர்த்திருப்பாய். திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மழைக்காலம் வந்ததும் முட்டிவலி கூடிவிட்டது. சின்னவள் பிளஸ் டூ, அதனால் வீட்டில் டி.வி.க்கு ஊரடங்கு. உன் வீட்டு நிலவரம் உன் ஸ்டேட்டஸிலேயே தெரிகிறது, தினமும் பிரியாணி.

விஷயத்துக்கு வருகிறேன். காலண்டருக்கு நீ கொடுத்த படங்களில் பதினொன்றை முடித்து டிரைவில் ஏற்றிவிட்டேன். டிசம்பர் பக்கத்து மஞ்சள்மூக்கு நாரை மட்டும் அப்படியே இருக்கிறது. “ஒரே மஞ்சளா இருக்கு, எடுத்துட்டு நாரையைப் பளிச்சுன்னு வெள்ளையாக்கிக் குடு” என்று எழுதியிருந்தாய். ஆக்க மாட்டேன். போனில் சொன்னால் பாதியிலேயே நீ பேச ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

அன்றைக்குச் சாமநத்தம் கண்மாய்க் கரையில் நானும் உன் பக்கத்தில்தான் நின்றேன். தீபாவளிக்கு மறுநாள் சாயங்காலம். கிழக்கே மழை கருகருவென்று கட்டி நின்றது. மேற்கே அடிவானத்தில் மட்டும் மேகம் கொஞ்சம் விலகி, அந்தச் சந்து வழியாக வெயில் படுத்துக்கொண்டு வந்தது. கருவேல மரம், எருமை, உன் வழுக்கை, எல்லாம் ஒரே மஞ்சள். அந்த நேரத்தில் நாரை மேகத்துக்கு முன்னால் குறுக்கே போனது. நீ படபடவென்று அடித்தாய். “யப்பா, என்னா கலரு!” என்று சத்தம் போட்டவனும் நீதான். இப்போது அதே கலரை எடுக்கச் சொல்கிறாய்.

செய்து பார்க்காமல் சொல்லவில்லை. லைட்ரூம் மென்பொருளில், ‘இதுதான் வெள்ளை’ என்று காட்டிக் கொடுக்கிற ஐட்ராப்பரை நாரையின் நெஞ்சில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினேன். நெஞ்சு வெள்ளையானது. மேகம் மைநீலமானது. மூக்கு வெளுத்துப்போய், பெயரையே மாற்ற வேண்டிய நிலைமை. முதுகுப் பக்கத்து ரோஸ் சிறகுகள் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விட்டன. சரி, மேகத்தை மட்டும் தனியாகப் பிரித்து மாஸ்க் போட்டுப் பழைய சாம்பலுக்குக் கொண்டுவந்தேன். அப்புறம் பார்த்தால், நட்டநடு மதியத்துப் பறவை ஒன்று ஸ்டுடியோத் திரைக்கு முன்னால் பறக்கிறது. பின்னால் மழை வருகிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்று. மதிய வெயில் மேலிருந்து விழும். இறக்கையின் அடிப்பக்கம் இருட்டாக இருக்கும். நம் கண்ணுக்கு அதுதான் பழக்கம். அன்றைக்கு வெயில் பக்கவாட்டில் வந்ததால் அடிவயிறும் இறக்கைக்கு அடியில் இருக்கிற வெள்ளை வரிகளும் நன்றாக வெளிச்சம் வாங்கியிருக்கின்றன. நிறத்தை மதியத்துக்குக் கொண்டுபோய்விடலாம், நிழலை என்ன செய்வாய்? பார்க்கிறவனுக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் ‘ஏதோ ஒட்டவைத்தது மாதிரி இருக்கே’ என்பான்.

நுனிச் சிறகை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார். ஷட்டர் 1/1600 நொடி வைத்திருக்கிறாய். உடம்பு நின்றுவிட்டது, விரல் விரித்த மாதிரி இருக்கும் நுனிகள் மட்டும் லேசாகக் கலங்கியிருக்கின்றன. பறக்கிறது என்பதற்கே அதுதான் சாட்சி. மாஸ்க்குக்கு அந்தக் கலங்கல் புரியாது. சிறகின் ஓரத்தைக் கத்தரித்துவிடும், இரண்டு விரலுக்கு நடுவே தெரிகிற மேகத்தையும் பறவைக் கணக்கில் சேர்த்துவிடும். உள்ளே புது வெள்ளை, வெளியே பழைய மஞ்சள், நடுவில் ஒரு கோடு. அதை பிரஷ்ஷால் அழிக்க உட்கார்ந்தால் விடிந்துவிடும். படத்தின் பொரியைத் துடைக்கிற ஏ.ஐ. டீநாய்ஸையும் முழுசாக ஏற்றிப் பார்த்தேன். கழுத்து பிளாஸ்டிக் பொம்மை கழுத்தாகிவிட்டது. பாதிக்கும் கீழே இறக்கிவிட்டேன், கொஞ்சம் பொரிப்பொரியாக இருந்தால் குடிமுழுகாது.

நான் செய்தது இவ்வளவுதான். எது வெள்ளை என்று கேமராவே முடிவு செய்கிற ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் நீ எடுத்திருக்கிறாய். மஞ்சளில் ஒரு பங்கைக் கேமராவே தின்றிருந்தது. கேமரா பதிவு செய்தபடியே வைத்திருக்கிற ரா கோப்பு இருக்கிறதே, அதைப் பகல் வெளிச்சக் கணக்கில் 5,500 கெல்வினில் வைத்தேன். மஞ்சள் முழுசாக வந்து நின்றது. அது கொஞ்சம் அதிகம். அங்கே நிற்கும்போது கண்ணும் தன்னால் சரிக்கட்டிக்கொள்ளும், நாம் அவ்வளவு மஞ்சளாகப் பார்த்திருக்க மாட்டோம். அதனால் இரண்டுக்கும் நடுவில் நிறுத்தினேன். நெஞ்சில் சிவப்பு நிறத்தின் பதிவு (சிவப்புச் சேனல்) நிரம்பி வழிந்து, இறகு வரியே தெரியாமல் இருந்தது. ஹைலைட்டை, அதாவது பளீரென்ற இடங்களை, இறக்கினதும் வரிகள் வந்தன. மேகத்தைத் தொடவில்லை.

உடனே, ‘சோழவந்தான் கொக்குக்கு மட்டும் நிறம் எடுத்தாயே’ என்று கேட்பாய். கேள். அந்த உண்ணிக்கொக்கு நாற்று வயலுக்கு மேலே தாழப் பறந்தது. வயலின் பச்சை வயிற்றில் அடித்திருந்தது. நிஜமான வெளிச்சம்தான், ஆனால் நீ வெட்டின வெட்டில் வயலே இல்லை, வெறும் வானம். பச்சை எங்கிருந்து வந்தது என்று படத்தில் பதில் கிடையாது. பார்க்கிறவன் கொக்குக்குக் காமாலை என்பான். அதனால் முக்கால்வாசியை எடுத்தேன். வெட்டாத படம் இருந்தால் அனுப்பு, வயலையும் சேர்த்து வைத்துப் பச்சையை அப்படியே விடலாம். நாரைப் படத்தில் அந்தச் சிக்கலே இல்லை. பின்னால் மேகம் நிற்கிறது, வெயில் எந்தப் பக்கம் என்று நெஞ்சு சொல்கிறது. படமே பதில் சொல்லும்போது நாம் ஏன் குறுக்கே பேச வேண்டும்?

வைகைப் படம் இன்னும் மோசமான கேஸ். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று விடிய விடிய நின்றோமே, அப்போது தலைக்கு மேலே போன வக்கா. மேலே விடியற்கால நீலம், கீழே பந்தல்காரர் போட்ட பழைய ஃபோகஸ் லைட், அது ஒரு 3,200 கெல்வின், பகல் வெளிச்சத்தைவிட நல்ல மஞ்சள், வயிறெல்லாம் ஆரஞ்சு. (அந்த லைட்டுக்குள் இருக்கும் கம்பி டங்ஸ்டன். மேலூர்ப் பக்கம் போனால் அந்தப் பேச்சை எடுக்காதே. 2025 ஜனவரியில் அங்கே டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை ரத்து செய்தாகிவிட்டது, இருந்தாலும் அரிட்டாபட்டி டீக்கடையில் நான் விளக்கை மனதில் வைத்து அந்தச் சொல்லைச் சொல்லப்போய் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.) ஒரு பறவைக்கு இரண்டு வெளிச்சம். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடும். இரண்டையும் விட்டுவிட்டேன். ஆரஞ்சு வயிறும் நீல முதுகும் சேர்ந்துதான் அந்த ராத்திரி. பாலத்தில் சோடியம் விளக்கு இருந்த காலத்தில் எடுத்த படங்கள் மட்டும் தேறாது. அந்த விளக்கு மஞ்சளைத் தவிர மற்றதைச் சரியாகத் தராது. பதிவாகாத நிறத்தை எந்த ஸ்லைடர் கொண்டுவரும்? கருப்பு வெள்ளையாக்கிவிட்டேன், நன்றாகவே இருக்கிறது.

நீ ஏன் இப்படிக் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். கை அப்படிப் பழகிவிட்டது. எத்தனை கல்யாண ஆல்பத்தில் மாநிறப் பிள்ளைகளை வெளுத்துக் கொடுத்திருக்கிறோம், மாப்பிள்ளை வீட்டில் கேட்பார்கள் என்று. திருமங்கலத்துப் பெண் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு ஒன்றுமே சொல்லாமல் மூடி வைத்தது. உனக்கும் ஞாபகம் இருக்கும். அதைப் பற்றி நாம் பேசிக்கொண்டதே இல்லை. நாரைக்காவது வேண்டாமே.

சரி, முக்கியமான செய்தி: வாத்தியாருக்கு வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. நன்றாக இருக்கிறார், வாய் குறையவில்லை. இடது கண் தை மாதம். லென்ஸ் வயதாக ஆகப் பழுத்து நீலத்தைத் தடுக்குமாம். புது லென்ஸில் நீலம் தாராளமாக உள்ளே வருகிறது. ஒரு கண்ணை மூடி மூடிப் பார்த்துவிட்டு, “இந்தக் கண்ணுல வேட்டி வெள்ளை, அந்தக் கண்ணுல டீத்தண்ணி” என்கிறார். உன் நாரைப் படத்தில் நீ கேட்ட வெள்ளை, நான் நிறுத்தின மஞ்சள் இரண்டையும் லேப்டாப்பில் வைத்துக் காட்டினேன். வலது கண்ணால் பார்த்து என்னுடையது சரி என்றார். இடது கண்ணால் பார்த்து, இரண்டுமே மஞ்சள்தான், எதற்கடா சண்டை என்றார். இத்தனை வருஷமாக நம் பிரிண்டுகளை எல்லாம் ‘நீலம் பத்தலை’ என்று தூக்கிப்போட்ட மனுஷன்! எந்த வருஷத்திலிருந்து என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

அச்சு விஷயம். சிவகாசியில் புரூஃப் பார்க்காமல் ஓகே சொல்லாதே. மிஷினில் மஞ்சள் கொஞ்சம் தூக்கலாக ஓடினால் நான் நடுவில் நிறுத்தினது வீணாகி, பழி என் மேல் விழும். மானிட்டரில் தெரிகிற நீலம் நாலு கலர் அச்சில் அப்படியே வராது என்பதையும் காலண்டர் கேட்ட உன் சேர்மனுக்கு இப்போதே சொல்லி வை, மீன்கொத்திப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் குதிப்பார்.

அவருக்கு வெள்ளைப் பறவைதான் வேண்டுமென்றால், டிசம்பருக்குக் கூழைக்கடா படம் ஒன்று வைத்திருக்கிறேன். மப்பும் மந்தாரமுமான நாள், யாருக்கும் வம்பில்லாத வெளிச்சம். நாரையை எனக்கே கொடுத்துவிடு, பெரிசாகப் போட்டு ஸ்டுடியோ வாசலில் மாட்டிக்கொள்கிறேன். எதுவானாலும் வெள்ளிக்கிழமைக்குள் சொல், அதற்குமேல் முகூர்த்த வேலை வந்துவிடும்.

ஒட்டடை உன்னைக் கேட்டான். உன்னையல்ல, ட்ரைபாடை. பொங்கலுக்கு வரும்போது கொண்டுவந்து கொடுத்துவிடு.

உன்
பங்காளி