வெளிநாட்டிலிருந்து பெரிய உதிரிபாகம் கொண்டுவர நினைப்பவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வேலைக்கோ விடுமுறைக்கோ வெளிநாடு போகும்போது, "இங்கே என் வண்டிக்கு பம்பர் கிடைக்கிறது, வாங்கி வந்தால் மாட்டித் தருவீர்களா?" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். மாட்டித் தருகிறோம். பணம் கட்டுவதற்கு முன்பே எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல். பழைய வண்டி வைத்திருப்பவருக்குத் தேடிய பாகம் கண்ணில் படுவதே அபூர்வம். அப்படிக் கிடைத்ததை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வெறுங்கையோடு ஒருவர் திரும்பக்கூடாது என்பது எங்கள் ஆசை.

எல்லோரும் எடையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஆனால் பெரிய பாகங்களில் காசைத் தின்பது அது அடைக்கும் இடம். விமானத்தில் சரக்கு அனுப்பும்போது பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுப்பார்கள். கூரியர் நிறுவனங்கள் பெரும்பாலும் 5000-ஆல் வகுக்கும். அதில் வரும் எண், உண்மையான எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். ஒரு கார் பம்பரை 180-க்கு 60-க்கு 50 செ.மீ. பெட்டியில் வைத்தால் கணக்கில் அது 90 கிலோ. கூரியரில் 108 கிலோ. கையில் தூக்கினால் சில கிலோதான் இருக்கும். பம்பர் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியவர்கள் திகைத்துப்போவது இந்த இடத்தில்தான். கடையில் விலை கேட்கும்போதே டேப் எடுத்து அளந்துவிடுங்கள். பானெட், கதவு, பம்பர், கண்ணாடி போன்றவற்றுக்குக் கப்பல்தான் சரியான வழி என்பது எங்கள் கருத்து. நாட்கள் கூடும், ஆனாலும் செலவு தாங்கும்.

பயணப் பெட்டியாகவே கொண்டுவர முடிந்தவையும் உண்டு. மூன்று அளவுகளையும் கூட்டினால் 158 செ.மீ., எடை 23 கிலோ என்பது பல விமான நிறுவனங்களின் வழக்கமான வரம்பு. கூடுதல் கட்டணம் கட்டினாலும் 32 கிலோவுக்கு மேற்பட்ட ஒற்றைப் பெட்டியைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். அதைத் தூக்கிவைப்பவர்களின் முதுகை நினைத்து வைத்த எல்லை அது. இந்த வரம்புக்குள் டயர் இல்லாத 17 அங்குல அலாய் ரிம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கட்டிவிடலாம். வெளிவிட்டம் ஏறக்குறைய 47 செ.மீ., இரண்டின் உயரம் 40 செ.மீ. சுற்றிலும் நுரைத்தகடு வைத்தாலும் இடம் மிஞ்சும். எடையை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். சைலன்சரைக் குழாயிலிருந்து கழற்றினால் அடங்கிவிடும். கிராங்க் ஷாஃப்ட் போன்ற கனமான இரும்பைக் கைப்பையில் வைக்காதீர்கள். அடிக்கப் பயன்படும் பொருள் என்று பாதுகாப்புச் சோதனையில் தடுத்துவிடுவார்கள்.

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். ஒரு பாகத்தின் உள்ளே என்ன இருக்கிறது, முன்பு என்ன இருந்தது என்பது அதன் அளவைவிட முக்கியம். எரிபொருளோ அதன் ஆவியோ மிச்சமிருக்கும் எதுவும் பயணிகளின் பெட்டியில் போகக்கூடாது. ஓடிய வண்டியின் பெட்ரோல் டேங்க், கார்புரேட்டர், ஃபியூயல் பம்ப் எல்லாம் இதில் சேரும். கழுவிக் காயவைத்தாலும் வாசனை வந்தாலே நிறுத்திவிடுவார்கள். கழுவியதை நம்பாமல் பயன்படுத்திய டேங்க் என்றாலே மறுக்கும் விமான நிறுவனங்களும் உண்டு. ஓடிய டேங்கைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர முயலவே வேண்டாம் என்பதுதான் எங்கள் ஆலோசனை. புதிய டேங்க் என்றால் தொழிற்சாலை அட்டைப்பெட்டியையும் ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள்.

ஏர்பேக் விரிவது உள்ளே இருக்கும் சிறு வெடிபொருளால். சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் கருவியிலும் அதுவே இருக்கிறது. இவை ஐ.நா.வின் அபாயப் பொருள் பட்டியலில் யு.என். 3268 என்ற எண்ணில் அபாயகரமான சரக்காக வகைப்படுத்தப்பட்டவை. பயணப் பெட்டியில் இடமில்லை. ஸ்டீயரிங் வாங்கினால் ஏர்பேக் இல்லாமல் வாங்குங்கள். இருக்கை வாங்குபவர்கள் பலர் மறப்பது, அதன் பக்கவாட்டிலும் ஏர்பேக் இருக்கலாம் என்பதை. கேஸ் நிரப்பிய ஷாக் அப்சார்பர் அழுத்தத்தில் உள்ள பொருள் என்பதால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். அமிலம் சிந்தக்கூடிய பேட்டரி கூடாது. லித்தியம் பேட்டரி என்றால் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கிப் பாருங்கள்: 100 வரை தனிப் பேட்டரி கைப்பையில் வரலாம், 160 வரை நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் பயணியோடு வர வழியில்லை.

பழைய பாகம் என்றால் அழுக்கும் ஒரு விவகாரம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகள் ஒட்டியிருக்கும் மண்ணையும் விதையையும் உயிரியல் ஆபத்தாகப் பார்க்கின்றன. எங்கே போய் இறங்கினாலும் பாகத்தைச் சேறு இல்லாமல் தேய்த்துக் கழுவி எடுத்து வருவது நல்லது. பழைய பிரேக் ஷூ, கிளட்ச் தட்டு, கேஸ்கட் ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அவற்றை நாங்கள் மாட்டுவதில்லை, அறுப்பதும் இல்லை. எங்கள் ஆட்களின் நுரையீரல் சம்பந்தப்பட்டது இது. மரப்பெட்டியில் அனுப்பினால் அந்த மரம் சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டதற்கான முத்திரை வேண்டும். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியசில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. பிளைவுட்டுக்கு அந்தத் தேவை இல்லை.

சுங்கத்தில் மறைக்காதீர்கள். சொந்த உபயோகத்துக்கு என்று சொன்னாலும் வாகன பாகம் எல்லா நாட்டிலும் பயணியின் சலுகைக்குள் வராது. ரசீதில் பாகத்தின் பெயர், எண், கட்டிய தொகை, புதியதா பழையதா என்பது தெளிவாக இருக்கட்டும். சுங்கம் பொருள்களை வகைப்படுத்தும் எண்களில் கார் பாகங்கள் பெரும்பாலும் 8708, மோட்டார் சைக்கிள் பாகங்கள் 8714 என்ற தலைப்பில் வரும். பயன்படுத்திய டயர் 4012. இந்த எண்ணை வைத்து வரியையும் தடையையும் பயணத்துக்கு முன்பே விசாரித்துவிடலாம். பழைய எஞ்சினுக்கு எஞ்சின் எண் எழுதிய விற்பனைத் தாள் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் விற்பனைத் தாள் வேண்டும். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் இருப்பதால் திருட்டுச் சரக்கு அதிகம் புழங்கும் பாகம் அது.

இத்தனையும் தாண்டி வந்த பிறகு வண்டியில் பொருந்தவும் வேண்டும். சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாட்டு ஹெட்லைட்டை இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் மாட்டினால் எதிரே வருபவரின் கண்ணில் ஒளி அடிக்கும். அதை நாங்கள் மாட்டமாட்டோம். டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ரிம்முக்கு போல்ட் வட்டம் (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), ஆஃப்செட் (வண்டியில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் தூரம்), நடுத்துளையின் அளவு மூன்றும் தெரியாமல் முடிவெடுக்காதீர்கள்.

ஆகவே, கடையில் நிற்கும்போதே பாகத்தின் எண் தெரியும்படி ஒரு படம், டேப் வைத்த ஒரு படம், உங்கள் வண்டியின் சேசிஸ் எண் மூன்றையும் அனுப்புங்கள். பொருந்துமா, எப்படிக் கொண்டுவரலாம், இங்கேயே வேறு வழி இருக்கிறதா என்று சொல்கிறோம். இதற்குக் கட்டணம் இல்லை. எங்களிடம் வாங்காமல் வெளியே வாங்குகிறீர்களே என்ற வருத்தமும் எங்களுக்கு இல்லை.

அன்புடன்,
உதிரிபாகப் பிரிவும் பணிமனையும்