ஆட்ட நாளன்று வெயில் அடித்தது என்பது ஒரு வாதமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புயல் எச்சரிக்கை வந்ததுமே அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க வகை) ஆட்டங்களை ஒத்திவைப்பது மிகையான அச்சம் என்றும், ஒத்திவைத்த பிறகு ஆட்ட நாளன்று வெயில் அடித்த கதையும் உண்டு என்றும் சென்ற இதழின் கடிதப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் ஊர் பெயர் சொல்லாவிட்டாலும், 2016 அக்டோபர் 8 சனிக்கிழமையன்று கெய்ன்ஸ்வில்லில் நடந்திருக்க வேண்டிய ஃபுளோரிடா பல்கலைக்கழகம் – லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் ஆட்டத்தைத்தான் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார் என்று தோன்றுகிறது. ஃபுளோரிடாவில் வசிப்பவன் என்ற முறையில் அவருடைய கருத்தை மறுக்க விரும்புகிறேன்.

மேத்யூ புயல் அந்த வாரத் தொடக்கத்தில் ஹைட்டியைச் சிதைத்துவிட்டு ஃபுளோரிடாவின் அட்லாண்டிக் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. கடலோர மாவட்டங்களில் சுமார் 15 லட்சம் பேருக்கு வெளியேற்ற உத்தரவு பிறப்பிக்கப்பட்டிருந்தது. ஆட்டம் ஒத்திவைக்கப்படுவதாக வியாழக்கிழமை அறிவித்தார்கள். புயலின் மையம் கரையேறாமல் கடலோரமாகவே வடக்கே நகர்ந்துவிட்டதால் உள்நாட்டு நகரமான கெய்ன்ஸ்வில் பெரிய சேதமில்லாமல் தப்பியது. உடனே, முதன்மை ஆட்டக்காரர் காயம்பட்டிருந்ததால்தான் ஃபுளோரிடா அணி புயலைச் சாக்காக்கி ஒதுங்கிக்கொண்டது என்று எதிரணி ரசிகர்கள் பேசத் தொடங்கினார்கள். அந்தப் பேச்சின் எதிரொலியே உங்கள் வாசகரின் கடிதத்திலும் கேட்கிறது.

கெய்ன்ஸ்வில் மைதானத்தில் ஏறத்தாழ 88,000 பேர் உட்காரலாம். ஆட்ட நாளன்று அத்தனை பேரின் வாகனங்களை வழிநடத்தவும், வாயில்களைக் காக்கவும், மயங்கி விழுவோரைத் தூக்கிச் செல்லவும் நகரப் போலீஸார், ஷெரிஃப் துறையினர், நெடுஞ்சாலை ரோந்துப் படையினர், ஆம்புலன்ஸ் ஊழியர்கள் எனப் பெரும் ஆள்பலம் தேவைப்படுகிறது. புயல் வாரத்தில் கடலோர ஊர்கள் எதிர்பார்த்துக் காத்திருப்பதும் இவர்களைத்தான். தங்கும் விடுதிகளின் நிலையும் இதுவே. அட்லாண்டிக் கரையிலிருந்து வெளியேறும் குடும்பங்கள் போய்ச் சேரக்கூடிய உள்நாட்டு நகரங்களில் கெய்ன்ஸ்வில்லும் ஒன்று. ஆட்டம் நடக்கும் வார இறுதியிலோ அங்கே அறை கிடைப்பதே அரிது. எனவே வியாழக்கிழமை முடிவெடுத்தவர்கள் சனிக்கிழமை மழை பெய்யுமா என்று மட்டும் பார்த்திருந்தால் தங்கள் கடமையில் தவறியிருப்பார்கள். புயல் சற்றே மேற்கே திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் அன்று எவராலும் கணித்துச் சொல்லக்கூடியதாக இல்லை.

அதே வார இறுதியில் தென் கரோலினா நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள். கடலோர நகரமான சார்ல்ஸ்டனிலிருந்து மக்களை வெளியேற்ற 26ஆம் எண் நெடுஞ்சாலையின் இரு பக்கத் தடங்களையும் உள்நாட்டிலுள்ள மாநிலத் தலைநகர் கொலம்பியாவை நோக்கித் திருப்பிவிட்டிருந்தார்கள். அந்தக் கொலம்பியாவில் சனிக்கிழமை நடக்கவிருந்த ஜார்ஜியா – தென் கரோலினா ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார்கள். ஜார்ஜியா 28–14 என வென்றது. ஒரே ஒரு நாள் தள்ளியது போதுமானதாக இருந்தது. வட கரோலினாவின் ராலேயில் மட்டும் நோட்ரடேம் அணியுடனான ஆட்டத்தைக் கொட்டும் மழையிலேயே நடத்திமுடித்தார்கள். பந்து கையில் நிற்காத அந்தச் சேற்றாட்டம் 10–3 என முடிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பலர் ரசித்திருக்கலாம். ஆனால் அதே புயல் கொண்டுவந்த வெள்ளத்தில் அம்மாநிலத்தில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் வாகனத்தோடு அடித்துச் செல்லப்பட்டவர்கள். அப்படிப்பட்ட நாளில் ஆயிரக்கணக்கான ரசிகர்களைச் சாலைக்கு வரவழைத்தது சரிதானா என்று உங்கள் வாசகர் கேட்டிருந்தால் நானும் அவரோடு சேர்ந்து கேட்டிருப்பேன்.

மைதான வளாகங்களே நிவாரணத்துக்குத் தேவைப்படுவதும் உண்டு. 2005இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு பேட்டன் ரூஜில், லூசியானா அணியின் மைதானத்துக்கு அருகிலிருந்த கூடைப்பந்து அரங்கம் தற்காலிக மருத்துவமனையானது. அந்த அணியின் முதல் ஆட்டம் தள்ளிப்போனது. அடுத்து உள்ளூரில் நடக்கவேண்டிய அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துடனான ஆட்டம் எதிரணியின் ஊரான டெம்பி நகருக்கு மாற்றப்பட்டது. நியூ ஆர்லியன்ஸின் டுலேன் அணியோ அந்தப் பருவத்தின் 11 ஆட்டங்களையும் 11 வெவ்வேறு மைதானங்களில் ஆடித் தீர்த்தது.

என்னுடைய குறை 2016 ஃபுளோரிடா – லூசியானா ஆட்டத்தை ஒத்திவைத்ததில் இல்லை, அதன் பிறகு நடந்த பேரத்தில்தான் இருக்கிறது. பருவத்துக்கு 12 ஆட்டங்கள், வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இரு அணிகளுக்கும் ஒரே வாரம் ஓய்வாக அமைவது அபூர்வம். ஆகவே மாற்று நாள் தேடினால் வேறு ஏதாவது ஓர் ஆட்டத்தைக் கைவிட்டே ஆகவேண்டும். நவம்பர் 19 அன்று இரு அணிகளும் தத்தம் ஊரில் சிறிய கல்லூரி அணிகளோடு ஆடவிருந்தன. உள்ளூர் ஆட்டம் ஒன்றை இழக்கமாட்டோம் என்று லூசியானா தரப்பு பிடிவாதமாக நின்றது. ஆடாமலே விட்டிருந்தால் இரு அணிகளும் சேர்ந்திருக்கும் சௌத் ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்பின் தரவரிசையில் சிலருக்கு எட்டு ஆட்டம், சிலருக்கு ஏழு என்ற குழப்பம் வந்திருக்கும். இறுதியில், ஒத்திவைத்து ஒரு வாரம் ஆன பிறகு, அந்த நவம்பர் 19 அன்றே ஆட்டம் பேட்டன் ரூஜில் நடக்கும் என்றும், ஈடாக 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கெய்ன்ஸ்வில்லிலேயே நடக்கும் என்றும் முடிவானது. புயல் அச்சுறுத்திய ஊர் தன் உள்ளூர் ஆட்டத்தை விட்டுக்கொடுக்கவேண்டி வந்தது எனக்கு நியாயமாகப் படவில்லை. (ஃபுளோரிடா அணி அங்கே போய், கடைசி நொடிகளில் கோல் கோட்டின் விளிம்பிலேயே எதிரணியைத் தடுத்து நிறுத்தி 16–10 என்று வென்றது வேறு கதை.) இத்தனைக்கும் அதற்கு முந்தைய ஆண்டு, வெள்ளத்தில் தவித்த தென் கரோலினாவுக்காக இதே லூசியானா பல்கலைக்கழகம் ஆட்டத்தைத் தன் மைதானத்தில் நடத்தித் தந்து, செலவு போக எஞ்சிய வருவாயையும் விருந்தினருக்கே அளிப்பதாக அறிவித்திருந்தது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

எனவே கான்ஃபரன்ஸ்கள் பருவம் தொடங்குமுன்பே சில விதிகளை எழுதிவைக்கவேண்டும் என்பதே என் கருத்து. வெளியேற்ற உத்தரவு அமலில் உள்ள மாநிலத்தில் ஆட்டம் நடக்குமா என்பதை விளையாட்டுத் துறை இயக்குநர்கள் இருவர் தொலைபேசியில் பேசித் தீர்மானிக்காமல், அவசரநிலை அதிகாரிகளின் கருத்தைக் கேட்டுக் கான்ஃபரன்ஸ் ஆணையர் தீர்மானிக்கவேண்டும். மாற்று நாளும் மாற்று இடமும் அட்டவணையிலேயே குறிக்கப்பட்டிருக்கவேண்டும். 2024 அக்டோபரில் மில்டன் புயலின்போது சௌத் ஃபுளோரிடா – மெம்ஃபிஸ் ஆட்டத்தை வெள்ளிக்கிழமையிலிருந்து சனிக்கிழமைக்கும், டாம்பாவிலிருந்து ஆர்லாண்டோவுக்கும் ஒரே வாரத்துக்குள் மாற்ற முடிந்திருக்கிறது.

உங்கள் வாசகர் சொன்னவற்றில் ஒன்றை மட்டும் முழுமையாக ஏற்கிறேன். மாதக்கணக்கில் முன்பே விமானச் சீட்டும் விடுதி அறையும் பதிவுசெய்துவிட்டுப் பணத்தை இழந்து நிற்கும் குடும்பங்களைப் பற்றி ஒத்திவைப்பு அறிவிப்புகள் பெரிதாகப் பேசுவதில்லை. ஆட்டச் சீட்டின் விலையையாவது, ரசிகர் விண்ணப்பித்துக் காத்திருக்கும் நிலை இல்லாமல், பல்கலைக்கழகங்கள் தாமே திருப்பித் தரலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஆர்லாண்டோ, ஃபுளோரிடா