புல்மோட்டை மணலை இங்கேயே ஆராய வழி செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அணுவிஞ்ஞான ஆய்வு வசதிகளை விரிவாக்கும் பேச்சு எழும்போதெல்லாம் கொழும்பையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் தாண்டி எவரும் யோசிப்பதில்லை. புல்மோட்டை எங்கள் திருகோணமலை மாவட்டத்தில்தான் இருக்கிறது. இல்மனைற் என்ற கனிமத்துக்காக அள்ளப்படும் அந்தக் கறுப்பு மணலில் மொனசைற் என்ற கனிமமும் உண்டு. மொனசைற்றில் கதிரியக்கம் கொண்ட தோரியம் உண்டு. புவியியலாளராகவும் இருந்த ஆனந்த குமாரசுவாமி 1904 இல் தோரியம் நிறைந்த தோரியனைற் கனிமத்தைக் கண்டெடுத்ததும் இதே நாட்டில்தான். ஆனால் என் பழைய மாணவி ஒருத்தி, கெட்டிக்காரப் பிள்ளை, மணலிலிருந்து வரும் காமாக் கதிர்களை அளப்பதற்காக மணல் மாதிரிகளைச் சுமந்துகொண்டு இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறாள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் காமாக் கதிர்களை அளக்கும் ஒரு ஜேர்மானியம் உணர்கருவி, அதைக் குளிர்விக்கத் திரவ நைதரசன், இயக்கப் பயிற்சிபெற்ற இருவர்: முதலில் இவ்வளவு போதும். கரையோரக் குடியிருப்புகளின் மண்ணையும் அதிலேயே அளந்து பார்க்கலாம். அணுசக்தி சபை தன் அடுத்த திட்டத்தில் திருகோணமலையைச் சேர்க்க வேண்டும்.

ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
நிலாவெளி