அப்பாவின் ஈறைக் கவனித்தவர்களுக்கு நன்றி

அப்பா வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. செவ்வாப்பேட்டை கடைவீதி வரை மூச்சு வாங்காமல் நடந்துவிட்டு வருகிறார், அதனால் இப்போதுதான் இதை எழுத முடிகிறது.

ஃபுளூ காய்ச்சல் நிமோனியாவாக மாறி ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு படுத்திருந்த அந்த வாரத்தில், ராத்திரி டியூட்டி நர்ஸ் அக்கா, நீங்கள் செய்தது மறக்காது. உதடெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. காஸ் துணியை விரலில் சுற்றி நனைத்து, ஒவ்வொரு பல்லோரமாகத் துடைத்து எடுத்தீர்கள். துணி சிவப்பாக வந்தது. "ஈறுல எத்தனை நாளா ரத்தம் வருது?" என்று கேட்டீர்கள். பத்து வருஷமாக வருகிறது. கொலுசுப் பட்டறையில் நாள் முழுக்க வெற்றிலை, புகையிலை போட்டவர், வயசானால் அப்படித்தான் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

அப்புறம் அஸ்தம்பட்டி பல் டாக்டரம்மா. மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினீர்கள். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே பள்ளம் விழுந்து கிருமி குடியேறுகிறது, தூங்கும்போது எச்சிலோடு கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. நல்லா இருக்கும்போது நுரையீரல் அதைச் சமாளித்துவிடும், ஃபுளூ வைரஸ் உள்படலத்தை அரித்த நேரத்தில் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். ஈறின் அழற்சி ரத்தத்திலும் கலக்கிறதாம். கொரோனா வைரஸ் பிடித்து ஏறும் ஏசிஇ2 ஏற்பி நாக்கிலும் ஈறிலும்கூட இருக்கிறது என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கத்தாரில் 568 கொரோனா நோயாளிகளைப் பார்த்து 2021-ல் வந்த ஆய்வில், ஈறுநோய் முற்றியவர்களில்தான் ஐசியு, வென்டிலேட்டர் வரை போனவர்கள் கூடுதல். ஆனால் ஈறுதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது என்பதையும் நீங்களே சொன்னீர்கள், அந்த நேர்மைக்குத் தனியாக ஒரு நன்றி. ஜப்பான் முதியோர் இல்லங்களில் தினமும் வாயைச் சுத்தம் செய்துவிட்டவர்களுக்கு நிமோனியா 11 சதவீதம், செய்யாதவர்களுக்கு 19. 1999-லேயே வந்த கணக்கு இது! நமக்கு யாரும் சொல்லவில்லையே என்று வயிறு எரிகிறது.

விடியற்காலை மூன்று மணிக்கு ஆட்டோ எடுத்த எதிர்வீட்டு அண்ணனுக்கும், ஏற்காட்டிலிருந்து பஸ் ஏறி வந்து எங்களுக்குச் சமைத்துப் போட்ட அத்தைக்கும் என்ன சொல்வது!

ஆறு மில்லிமீட்டர் இருந்த பள்ளம் இப்போது நாலு. புகையிலையை அப்பா தொடுவதில்லை. அத்தை கொண்டுவந்த மலை ஆரஞ்சு இன்னும் ஒரு கூடை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டுக்கு வாங்க.